தள்ளிப்போட்ட ஒரு கல்யாணம்

போன மாதம் என் இடத்துக்கு வந்திருக்கிற புது அலுவலர் போனில் கேட்டாள்: "மேடம், முன்னாடியெல்லாம் பொண்ணு கல்யாணத்துக்கு அரசாங்கமே தங்கம் குடுத்துச்சாமே, நெஜமாவா? இங்க ஒருத்தர் வந்து உக்காந்துக்கிட்டு, எம் பொண்ணுக்கு எங்கன்னு கேக்குறாரு."

நிஜம்தான் என்றேன். திட்டம் மாறிவிட்டதை அவரிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்றும் சொல்லிக் கொடுத்தேன். போனை வைத்த பிறகுதான் தோன்றியது, அதை நான் சொல்லிக் கொடுத்துவிடலாம். நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்ல ஒரு போன் போதாது.

நான் காவேரிப்பட்டினத்தில் பிறந்தவள். சமூக நலத் துறையில் ஊர்நல அலுவலராகச் சேர்ந்து, விரிவாக்க அலுவலராக ஓய்வு பெற்றேன். பயிற்சிக் காலத்தில் புகையில்லா அடுப்பு கட்டவும், குழந்தையின் எடையைக் குறிக்கவும், கூட்டம் நடத்தவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஓசூருக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போனால், தமிழில் கேட்ட கேள்விக்குக் கன்னடத்தில் பதில் வரும். நாம் தட்டுத்தடுமாறிக் கன்னடம் பேச ஆரம்பித்தால் அவர்கள் தெலுங்குக்குப் போய்விடுவார்கள். முதல் வருடம் தலையாட்டியே ஓட்டினேன். பிறகு மூன்றும் கலந்த ஒரு பேச்சு எனக்கும் வந்துவிட்டது. இன்றைக்கும் கோபம் வந்தால் கன்னடம்தான் முந்திக்கொண்டு வருகிறது என்று என் கணவர் சிரிப்பார்.

எங்கள் வேலை என்னவென்று கேட்டால் ஒரு வரியில் சொல்ல முடியாது. கணவனை இழந்தவர்களுக்குத் தையல் இயந்திரம், பெண் குழந்தைகளுக்கு வைப்புத் தொகை, வீட்டில் அடிபட்டு வருகிற பெண்களுக்குப் பாதுகாப்பு, இவற்றோடு ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி. இதில் தையல் இயந்திரம் எனக்குப் பிடித்தமான வேலை. மஞ்சுளா என்று ஒருத்தி, ஓசூரில் தொழிற்சாலைப் பையன்கள் தங்கும் விடுதிகள் நெருக்கமாக இருக்கிற ஒரு தெருவில், மாடிப்படிக்குக் கீழே இயந்திரத்தைப் போட்டு உட்கார்ந்தாள். கம்பெனிச் சீருடை எல்லோருக்கும் ஒரே அளவில்தான் வருமாம். மதுரைப் பையனுக்கு நீளம், ஒடிசாப் பையனுக்கு அகலம். பேன்ட்டை மடித்துத் தைத்துக் கொடுத்தே பிழைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்துக் கடையையும் வாடகைக்குப் பிடித்து இன்னொரு பெண்ணை வேலைக்கு வைத்தாள். அந்தத் தெருவழியே போகும்போதெல்லாம், "மேடம், டீ குடிச்சிட்டுப் போங்க" என்று குரல் வரும். வேலையில் நல்லது நடந்தால் அது இப்படிச் சத்தமாகவே தெரியும்.

திருமண உதவி அப்படியல்ல. அதில் ஒவ்வொரு மனுவுக்கும் பின்னால் ஒரு வீடே பரபரத்துக்கொண்டிருக்கும். கல்யாணத்துக்கு முன்பே மனு கொடுக்க வேண்டும். பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். பத்தாவதாவது படித்திருக்க வேண்டும். பட்டமோ பட்டயமோ முடித்திருந்தால் உதவித்தொகை இரு மடங்கு. தங்கம் எல்லோருக்கும் ஒரே அளவு. நாங்கள் வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் விசாரித்து, பள்ளிச் சான்றில் வயதைப் பார்த்து, இது முதல் கல்யாணம்தான் என்று உறுதிசெய்து அனுப்ப வேண்டும். அனுமதி வந்து, தங்கக் காசு வந்து சேரச் சில சமயம் நாளாகிவிடும். தாலிக்கென்று கொடுத்த தங்கத்தை, இடுப்பில் குழந்தையோடு வந்து வாங்கிப் போன பெண்கள் உண்டு. அந்தக் குழந்தை காசைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளப் பார்க்கும். எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும்.

அப்படி ஒரு வழங்கும் விழாவில்தான் எஸ்தர் மேடத்தை நான் முதலில் பார்த்தேன். எங்கள் மாவட்ட சமூக நல அலுவலராக அப்போதுதான் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒடிசலான உருவம், மெல்லிய குரல். விழாவுக்கு விருந்தினர்கள் வருவதற்குத் தாமதம். பெண்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். மேடம் வந்து பார்த்தார். யாரையும் திட்டவில்லை. மேடையில் பெரியவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளைத் தானே ஒன்றொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து நிழலில் போட ஆரம்பித்தார். மாவட்ட அலுவலர் நாற்காலி தூக்கினால் நாங்கள் சும்மா நிற்க முடியுமா? எல்லோரும் ஓடினோம். விருந்தினர்கள் வந்தபோது மேடையில் நாற்காலி குறைவாக இருந்தது. "பிள்ளை வச்சிருக்காவ சார், அதான்" என்றார் மேடம். அவர்களும் மறுபேச்சில்லாமல் நின்றபடியே காசு வழங்கினார்கள்.

அவரிடம் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. யாராவது மனுவோடு உள்ளே வந்தால், எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை மூடி வைத்துவிடுவார். மனுவை வாங்கி மேசையில் வைப்பார், படிக்க மாட்டார். எதிரே அல்ல, தன் பக்கத்தில் இருக்கும் நாற்காலியில் உட்காரச் சொல்லி, "சொல்லுங்க" என்பார். வந்தவர் முழுதாகப் பேசி முடித்த பிறகுதான் தாளைத் தொடுவார். ஒருமுறை, வேலை நிறைய கிடக்கிறதே என்று நான் அவசரப்படுத்தியபோது சொன்னார்: "மனு எங்கயும் ஓடிப் போகாது. ஆளு போயிருவாங்கல்லா."

நாகவேணியின் மனு வந்தது கொரோனா காலத்தில். கல்யாணத்துக்குக் குறைவான ஆட்கள்தான் கூடலாம் என்று கட்டுப்பாடு இருந்ததால் செலவு மிச்சம் என்று நிறைய வீடுகளில் அவசர அவசரமாகத் தேதி குறித்தார்கள். சூளகிரியிலிருந்து உள்ளே போகிற ஒரு சின்ன ஊர். அப்பா முனிராஜு, புதிதாக வந்த தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி, லாரியில் சரக்கு ஏற்றுகிறவர். அம்மா லட்சுமம்மா ரோஜாப் பண்ணையில் பூ வெட்டப் போகிறவர். வீட்டில் கன்னடம். மாப்பிள்ளை லட்சுமம்மாவின் அண்ணன் ராமண்ணாவின் மகன்; ஆனேக்கல் பக்கம், கர்நாடகத்தில். பேர் மஞ்சுநாத். இந்தப் பகுதியில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் மாநில எல்லையைப் பார்த்து நடப்பதில்லை.

விசாரணைக்குப் போனேன். எல்லாம் சரியாக இருந்தது. சின்ன வயதில் ஒரு வருடம் தாமதமாகப் பள்ளியில் சேர்ந்ததால் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். முனிராஜு கைகட்டி நின்று பதில் சொன்னார். கிளம்பும் முன் கைகழுவக் கொல்லைப் பக்கம் போனேன். பின்னாலேயே சொம்போடு நாகவேணி வந்தாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"மேடம், எனக்கு கிருஷ்ணகிரி காலேஜ்ல கெமிஸ்ட்ரி கெடைச்சுக்குது. அடுத்த வாரத்துக்குள்ள சேரணும். அப்பா போன்லதான் மெசேஜ் வந்துச்சு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒண்ணும் சொல்லல. மெசேஜ அழிக்கவும் இல்ல."

"மாப்பிள்ளை புடிக்கலையாம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மஞ்சு நல்லவருதான் மேடம். எனக்கு இப்ப வேணாம், அவ்ளோதான்."

திரும்பி வரும்போது பேருந்தில் எனக்குப் பெரிய குழப்பம். குழந்தைத் திருமணம் என்றால் தடுத்துவிடலாம். அதற்குச் சட்டம் இருக்கிறது, பல தடவை செய்திருக்கிறேன். இது முறையான வயது, முறையான மனு. சிபாரிசு எழுதி அனுப்புவதுதான் என் வேலை. மறுநாள் கிருஷ்ணகிரிக்குப் போய் எஸ்தர் மேடத்திடம் சொன்னேன். பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"அப்பா அந்த மெசேஜை அழிக்கலன்னா சொன்னா?"

"ஆமாம் மேடம்."

"அப்ப அவருக்கும் மனசு இருக்கு. தடுக்கதுக்கு நமக்கு அதிகாரம் இல்ல. பேசதுக்கு இருக்குல்லா? வாங்க, நானும் வருதேன்."

அடுத்த நாள் அவருடைய ஜீப்பிலேயே போனோம். முனிராஜு பதறிவிட்டார். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தார். மேடம் பாயில் உட்கார்ந்து, லட்சுமம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, முதலில் ரோஜாப் பண்ணையைப் பற்றித்தான் கேட்டார். முள் குத்தினால் என்ன செய்வீர்கள், கையுறை கொடுக்கிறார்களா என்று. பிறகு மெதுவாகக் கேட்டார்: "பொண்ணு படிச்சா உங்களுக்கு என்ன பயம்? வெளிப்படையாச் சொல்லுங்க. நான் தப்பா எடுக்க மாட்டேன்."

முனிராஜு தரையைப் பார்த்தார். "பயம் எனக்கில்ல மேடம். மச்சான் கோச்சிக்குவாரு. பொண்ணு தரேன்னு சொல்லிட்டு நிறுத்துனா எப்படி? எங்கூட்டுல அவங்க அண்ணன் ஒருத்தருதான் ஒறவு."

லட்சுமம்மா அழத் தொடங்கினார்.

"நான் நிறுத்தச் சொல்லல" என்றார் மேடம். "தேதியத் தள்ளி வைக்கச் சொல்லுதேன். பன்னெண்டாவது படிச்ச பொண்ணுக்கு ஒரு உதவி. பட்டம் படிச்ச பொண்ணுக்கு ரெட்டிப்பு. மூணு வருசம் கழிச்சு அதே மாப்பிள்ளை, அதே பொண்ணு. உங்க மச்சான்கிட்ட நானே பேசுதேன்."

அங்கேயே ராமண்ணாவுக்குப் போன் போட்டார்கள். மேடத்துக்குக் கன்னடம் அரைகுறைதான். பாதி அவர் பேசினார், மீதி நான் எடுத்துச் சொன்னேன். பிறகு ராமண்ணா, "சரி மேடம், சர்க்காரே சொல்றப்போ நாங்க என்ன சொல்றது" என்றார். அதில் சந்தோஷம் இல்லை. ஆனால் சம்மதம் இருந்தது.

எழுந்து வரும்போது எஸ்தர் மேடம் வாசலில் நின்று ஒன்று சொன்னார். "இது இன்னைக்கு இருக்கிற உத்தரவு. மூணு வருசத்துக்கு மாறவே மாறாதுன்னு நான் சொல்ல முடியாது. அதையும் மனசுல வச்சுக்கிடுங்க." முனிராஜு தலையாட்டினார். நாகவேணி உள்ளே பெட்டியில் சான்றிதழ்களைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையை அன்று முழுதாகக் காதில் வாங்கியது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

நாகவேணி கல்லூரியில் சேர்ந்தாள். ஆன்லைன் வகுப்புகள் முடிந்து கல்லூரி நேரடியாகத் திறந்ததும் சூளகிரிக்கு நடந்துவந்து கிருஷ்ணகிரி பஸ் பிடித்தாள். மேடம் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். நாங்கள் அவருக்குச் சால்வை போர்த்தியபோது, அதை மடித்து எங்கள் அலுவலகத்தைப் பெருக்குகிற அம்மாவின் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம்தான் அறிவிப்பு வந்தது. திருமண உதவி நின்றது. அதற்குப் பதிலாக, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை. செய்தியை அலுவலகத்தில் படித்தபோது சுற்றிலும் ஒரே பேச்சு. நல்ல திட்டம் என்று சிலர், ஏழைக்குத் தங்கம் போச்சே என்று சிலர். எனக்கு முனிராஜுவின் முகம்தான் தெரிந்தது. எஸ்தர் மேடத்துக்குப் போன் செய்தேன்.

"போன்ல சொல்லீராதீங்க" என்றார் உடனே. "நேர்ல போங்க. அவங்க திட்டினா கேட்டுக்கிடுங்க. பதில் சொல்லாதீங்க. திட்டி முடிச்சப்புறம் புதுசு என்னன்னு சொல்லுங்க."

போனேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் முனிராஜு எழுந்து நின்றுவிட்டார். அதுவரை என்னிடம் குரல் உயர்த்தாத மனிதர்.

"உங்க பேச்ச நம்பித்தானே மேடம் நிறுத்துனோம்? மச்சானுக்கு நான் என்னான்னு பதில் சொல்றது? சர்க்கார் மாத்திடுச்சின்னா? அவரு கர்நாடகாவுல இருக்காரு, அவருக்கு நம்ம சர்க்கார் என்னா தெரியும்? நான் ஏமாத்துனேன்னுதான் நெனைப்பாரு!"

லட்சுமம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அது திட்டியதைவிட வலித்தது. மேடம் சொன்னபடி நான் பதில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முனிராஜு சோர்ந்து உட்கார்ந்த பிறகு, நாகவேணிக்குப் புதுத் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும், கல்லூரியிலேயே பதிவு செய்வார்கள், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருப்பதால் தடையில்லை என்றேன்.

"யார் கணக்குல வரும்?" என்று கேட்டார்.

"பொண்ணு கணக்குலதான்."

"அவ கணக்குலயா?" என்று மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் அதுவரை பெண்கள் பேரில் வங்கியிலிருந்து எதையும் யாரும் எதிர்பார்த்ததில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

நாகவேணி அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அப்பா, மாமாவுக்கு நீ போன் பண்ணாத. நான் நேர்ல போய்ச் சொல்றேன். எனக்காகத்தானே நிறுத்துனீங்க."

போகவும் செய்தாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆனேக்கலுக்குப் போய், மாமாவின் முன்னால் நின்று, படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, உதவி கிடைக்காது, இஷ்டமானால் காத்திருங்கள், இல்லையென்றால் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னாளாம். ராமண்ணா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, காபி கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு மாதத்தில் மஞ்சுநாத்துக்கு வேறிடத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் நடந்தது. லட்சுமம்மாவுக்கு அழைப்பு வரவில்லை. ஒரே அண்ணன் வீட்டுக் கல்யாணம் நடக்கிற அன்றைக்கு அவர் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டிக்கொண்டிருந்தாராம். நாகவேணிதான் எனக்குப் போனில் சொன்னாள். "அம்மா பேசவே மாட்டேங்குறாங்க மேடம். எங்கிட்டயும்தான்."

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பெண்ணைப் படிக்க வைத்தோம் என்று பெருமைப்படுவது எளிது. அதற்கு இன்னொரு பெண் தன் அண்ணனைக் கொடுத்திருக்கிறாள்.

இதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. நாகவேணி பட்டம் முடித்தாள். சூளகிரித் தொழிற்பேட்டையில், உலோக உதிரிபாகங்களுக்கு முலாம் பூசுகிற ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. முலாம் தொட்டியிலிருந்து எடுத்த திரவத்தைச் சோதித்துச் சரியாக இருக்கிறதா என்று சொல்கிற வேலை. அப்பா சரக்கு ஏற்றப் போகிற அதே சாலையில், கம்பெனி வேனில் போய் இறங்கினாள். முதல் நாள் முனிராஜு தன் வேலையை விட்டுவிட்டு வந்து அந்தக் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். "உள்ள வாங்கப்பான்னேன், வேணாம் போன்னு ஓடிட்டாரு" என்று சிரித்தாள்.

நான் ஓய்வு பெற்றேன். அதன்பிறகு ஒருநாள் நாகவேணி போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னாள். எதற்கு என்று கேட்டால், வாங்க மேடம் என்று மட்டும் சொன்னாள். தயக்கமாக இருந்தது. லட்சுமம்மாவை நினைத்து வேண்டாம் என்றே சொல்லிவிடப் பார்த்தேன். என் கணவர்தான் வண்டியை எடுத்தார்.

வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. உள்ளே நான் அதுவரை நேரில் பார்த்திராத ஒரு மனிதர் பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பள்ளி முடித்த வயதில் ஒரு பெண். நாகவேணி அவளுக்கு எதையோ எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். முனிராஜு என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "மேடம், இவருதான் எங்க மச்சான்."

ராமண்ணா எழுந்து கும்பிட்டார். தன் கடைசி மகளைக் காட்டி, பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் சொன்னார்: "இவளும் சயின்ஸ் ஓதணும்னு பிடிவாதம் மேடம். எங்க ஊர்ல எந்தக் காலேஜு, எப்படி அப்ளிகேஷன் போடறது, நமக்குத் தெரியாது. வேணி கையில கேக்கலாம்னு வந்தோம்." பிறகு, "தங்கச்சி வீட்டுக்கு வந்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

நன்றி என்று ஒரு வார்த்தை உண்டு. அதை யாருக்குச் சொல்வது? நாகவேணியின் பிடிவாதத்துக்கா, மெசேஜை அழிக்காமல் வைத்திருந்த அப்பாவுக்கா, பேனாவை மூடிவைக்கக் கற்றுக்கொடுத்த என் மேலதிகாரிக்கா? முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அந்த வேலைக்கெல்லாம் சேர்த்து அன்று ஒரே நாளில் எனக்குக் கூலி கொடுத்துவிட்டதுபோல் இருந்தது.

சமையற்கட்டிலிருந்து லட்சுமம்மா வந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என் எதிரே நின்று, நேராகப் பார்த்தார்.

"உங்க மேல எனக்கு ரொம்ப நாளாக் கோவம் மேடம்."

"தெரியும்மா" என்றேன். "இப்ப?"

அவர் திரும்பி அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்பவும் கொஞ்சம் இருக்குது" என்றார். "கைகழுவிட்டு வாங்க. களி ஆறிடும்."